ஸ்டான்விக் மதிலுக்கு வெளியே

விட்மியர் கன்னியர் மடம்
ஆகஸ்ட் 10, புனித லாரன்ஸ் திருநாள்

தம்பி கென்ரிக்குக்கு, அக்கா எட்கிவா எழுதுவது.

இறைவன் உன்னைக் காப்பாராக. இங்கே நான் நலம். மழை ஓயாததால் எழுதும் தோல்கள் காய மாட்டேன் என்கின்றன. வலது கண்ணில் மறுபடி நீர் வடிகிறது. மற்றபடி குறையில்லை.

நேற்று உப்பு விற்க வந்தவன் மடத்து வாசலில் நின்றுகொண்டு, ஸ்டான்விக் கழிமுகத்தில், கொள்ளையடிக்கக் கடல்வழி வந்த டேனியர்களோடு சண்டை நடந்ததாம், ஆஸ்மண்ட் பிரபு விழுந்துவிட்டாராம் என்று மாட்டுச் சந்தைச் செய்தியைப் போலச் சொன்னான். எப்போது என்று கேட்டேன். "அது ஆச்சும்மா மூணு வாரம்" என்றான்.

மூன்று வாரம்! என் தம்பிகள் இரண்டு பேரும் அந்தப் பிரபுவின் மண்டபத்தில்தான் சாப்பிடுகிறீர்கள். விக்பர்ட்டுக்கு ஈட்டி பிடிக்கத் தெரியும், எழுதத் தெரியாது. அவனை விட்டுவிடுகிறேன். நீ அந்த மண்டபத்தின் பாணன். துறவிகளிடம் பன்னிரண்டு வருடம் அடி வாங்கி எழுத்துப் படித்தவன். இருக்கிறோம், இல்லை என்று ஒரு வரி எழுத உனக்கு மூன்று வாரம் போதவில்லையா? உப்புக்காரன் வாயிலிருந்தா நான் தெரிந்துகொள்ள வேண்டும்?

உடனே எழுது. இருவரும் சுகமா என்று மட்டும் எழுது. மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்கிறேன்.

உன் அக்கா,
எட்கிவா

*

ஸ்டான்விக்
ஆகஸ்ட் 27

அன்பும் மரியாதையும் நிறைந்த அக்காவுக்கு, கென்ரிக் வணங்கி எழுதுவது.

உன் கண்ணுக்குப் பெருஞ்சீரகம் ஊறிய நீர் நல்லது என்பார்கள். நான் உடலால் நலம். உள்ளத்தைப் பற்றி என்ன சொல்ல?

நீ கேட்டது உண்மை. ஏழு கப்பல்கள் வந்தன. பழைய கல்மதிலுக்குள் நாங்கள் பாதுகாப்பாக இருந்தோம். பக்கத்து நாட்டுப் படை இரண்டு நாளில் வந்து சேர்வதாக இருந்தது. ஆனால் கப்பலிலிருந்து ஒரு டேனியன் எங்கள் பிரபுவைக் கிழவி என்று கூவி அழைத்தான். மதிலுக்குப் பின்னால் நின்று ஒரு பகலைக் கழிப்பதைவிட வெளியே ஒரு மணி நேரம் வாழ்ந்து சாவேன் என்று ஆஸ்மண்ட் பிரபு விருந்தில் கோப்பையைத் தூக்கிச் சபதம் செய்தார். மறுநாள் காலையில் ஐம்பது பேரோடு வெளியே போனார். அவரைப் போன்ற தலைவன் இனிப் பிறக்கப்போவதில்லை. உச்சி வேளைக்குள் விழுந்துவிட்டார். அவர் உடலைச் சுற்றி நின்றவர்கள் நின்ற இடத்திலேயே மடிந்தார்கள். விதி நூற்றதை யாரால் அறுக்க முடியும்?

விக்பர்ட் இப்போது நம்மோடு இல்லை. உன் மனதைத் தேற்றிக்கொள்.

பிரபுவின் மகன் எட்மர், மைக்கேல் திருநாளன்று தந்தையின் ஆசனத்தில் அமர்கிறார். அன்றைக்கு இந்தப் போரைப் பாடும்படி எனக்குக் கட்டளை. அந்த வேலையில்தான் கடிதம் தாமதமாயிற்று. மன்னித்துவிடு.

உன் தம்பி,
கென்ரிக்

*

விட்மியர்
செப்டம்பர் 8, தேவ அன்னை பிறந்த திருநாள்

கென்ரிக்குக்கு,

உன் நலம் அறிந்தேன். என் கண் அப்படியேதான் இருக்கிறது. இன்று அழுததில் வீங்கியும் இருக்கிறது.

"நம்மோடு இல்லை" என்றால் என்ன அர்த்தம்? ஒன்று செத்தான் என்று எழுது. இல்லை, காணவில்லை என்று எழுது. டேனியர் பிடித்துக்கொண்டு போனார்கள் என்றாவது எழுது. பிரபுவின் சபதத்துக்கு ஆறு வரி, கோப்பைக்கு ஒரு வரி, உன் கூடப் பிறந்தவனுக்கு அரை வரியா? அவன் உடலை யார் கழுவினார்கள்? எங்கே புதைத்தீர்கள்? அவன் மனைவி லுஃபாவுக்கும் பிள்ளைகளுக்கும் யார் சொன்னார்கள்?

விதி, விதி என்று எழுதாதே. இரண்டு நாள் பொறுத்திருந்தால் படை வந்திருக்கும் என்று நீயேதான் எழுதியிருக்கிறாய். கதவைத் திறந்துகொண்டு வெளியே போனது ஒரு மனிதன். யாரோ கிழவி என்று சொன்னதற்காக ஐம்பது பேரைச் சேற்றுக்குக் கூட்டிப் போனான். அதை விதி செய்யவில்லை.

இன்னொன்று. நீ அப்போது எங்கே நின்றாய்?

எட்கிவா

*

ஸ்டான்விக்
செப்டம்பர் 30, மைக்கேல் திருநாளுக்கு மறுநாள்

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். உன் சொற்கள் சுட்டன. ஆனாலும் நீ மூத்தவள், உனக்கு உரிமை உண்டு.

உன்னிடம் மறைத்தது உன் நன்மைக்காக. இனி மறைக்க வழியில்லை. நேற்று மண்டபத்தில் பாடிவிட்டேன், ஊரே கேட்டுவிட்டது. பிறர் சொல்லி நீ அறிவதைவிட நானே சொல்கிறேன்.

விக்பர்ட் ஓடிவிட்டான்.

வரிசையின் இடக்கோடியில் நானும் அவனும் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். பிரபு விழுந்ததும் அவன் கேடயத்தைப் போட்டுவிட்டு நாணல் பக்கம் ஓடினான். அவனைத் திருப்பிக் கொண்டுவர நான் பின்னாலேயே ஓடினேன். சேற்றில் அவனைத் தவறவிட்டேன். மதில் மேல் இருந்தவர்கள் இரண்டு பேர் ஓடியதைப் பார்த்திருக்கிறார்கள். திரும்பி வந்ததும் என்னைக் கேட்டார்கள். உள்ளதைச் சொன்னேன். அவன் சதுப்பில் எங்கோ செத்திருக்க வேண்டும். உடல் கிடைக்கவில்லை.

அந்தப் பகுதியைப் பாட்டில் விட்டுவிட எட்மர் பிரபு சம்மதிக்கவில்லை. ஓடியவன் பெயர் இருந்தால்தான் நின்றவர்கள் பெயர் நிலைக்கும் என்றார். சொந்தத் தம்பியைப் பற்றி இப்படிப் பாடினேன்:

வாள்கள் வளைந்தன, வீரர் வளையவில்லை.
விக்பர்ட் ஒருவன் வழியைத் தேடினான்.
நாணல் மறைத்தது நாணம் மறந்தவனை.

பாடி முடித்ததும் மண்டபமே எழுந்து நின்றது. பிரபு தன் கை வளையத்தைக் கழற்றி எனக்குத் தந்தார். எனக்கு அதில் மகிழ்ச்சி இருந்திருக்கும் என்றா நினைக்கிறாய்?

கென்ரிக்

*

அண்ணிக்கு,

எங்க ஊர்ச் சாமியார் ஹுனா எழுதுறார், நான் லுஃபா சொல்றேன். சொல்றதை அப்படியே எழுதணும்னு கேட்டிருக்கேன். அவர் நல்லவர், எழுதுவார். இன்னிக்கு அக்டோபர் இருபதாம் தேதி.

நீங்க சுகமா? நாங்க எப்படி இருக்கோம்னு கேக்காதீங்க. மைக்கேல் திருநாள் முடிஞ்ச நாலாம் நாள் பிரபுவோட ஆளுங்க வந்தாங்க. "ஓடினவன் நிலம் பிரபுவுக்குச் சேரும், அதான் சட்டம்"னாங்க. ரெண்டு ஏர் நிலம், வீடு, மாடு, விதைக்கு வச்ச வாற்கோதுமை எல்லாம் போச்சு. மூத்தவ கையில இருந்த கோழியைக்கூடப் பிடுங்கிட்டுப் போனாங்க. இப்போ எங்கப்பா வீட்டு மாட்டுக்கொட்டாய்ல இருக்கோம்.

தண்ணி எடுக்கப் போனா பொம்பளைங்க பாட்டுப் பாடுறாங்க. அதே பாட்டுத்தான். "நாணல் மறைச்சது"ன்னு ஒருத்தி ஆரம்பிப்பா, மத்தவளுங்க முடிப்பாளுங்க. அது யாரு கட்டினது? உங்க பெரிய தம்பி. எங்க கல்யாணத்துக்கு யாழ் வாசிச்சவர். ஒரு தடவையாவது வந்து எட்டிப் பார்த்தாரா? இல்ல. ஒரு மூட்டை மாவு அனுப்பினார். நான் அதைப் பன்னிக்குப் போட்டுட்டேன்.

அண்ணி, பதினோரு வருஷம் அவரோட குடித்தனம் பண்ணியிருக்கேன். கோவக்காரர், குடிச்சா உளறுவார், எல்லாம் சரி. ஓடுற ஆளு இல்ல. இதை நான் யாருகிட்ட சொல்றது? சாமியார்கிட்டயும் உங்ககிட்டயும்தான்.

லுஃபா

(நான் ஹுனா. அவள் மாவைப் பற்றிச் சொன்னது உண்மை. நானும் பார்த்தேன்.)

*

விட்மியர்
நவம்பர் 11, புனித மார்ட்டின் திருநாள்

கென்ரிக்குக்கு,

நான் நலமாகத்தான் இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய் என்று இந்த முறை கேட்கப்போவதில்லை.

லுஃபாவின் கடிதம் வந்தது. உன் பாட்டு அவளை எங்கே கொண்டு போய்க் கட்டியிருக்கிறது என்று தெரிந்துகொண்டேன். நிலத்தை எடுப்பார்கள் என்பது உனக்குத் தெரியும். அந்த மண்டபத்தின் சட்டங்கள் எல்லாம் உனக்கு மனப்பாடம். தெரிந்துதான் பாடினாய். வளையத்தையும் போட்டுக்கொண்டாய்.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். நன்றாக யோசித்துப் பதில் எழுது. ஓடியவனைத் திருப்பப் பின்னால் ஓடியவன், அவனைக் கூப்பிட்டிருப்பான் அல்லவா? நீ கூப்பிட்டிருந்தால் "தம்பி" என்றோ "விக்பர்ட்" என்றோ கூப்பிட்டிருப்பாய். அன்றைக்கு அந்தச் சதுப்பில் "அண்ணா, நில்லு! அண்ணா!" என்று கத்தியது யார்?

எட்கிவா

*

ஸ்டான்விக்
பிப்ரவரி 2, மெழுகுதிரித் திருநாள்

அன்புள்ள அக்காவுக்கு,

பனியால் பாதைகள் அடைபட்டதால் பதில் எழுத இவ்வளவு நாளாகிவிட்டது. விரல் கணுக்கள் வீங்கிக்கொள்கின்றன. யாழைத் தொட்டாலே வலிக்கிறது. சரியாகத் தூக்கமும் இல்லை. நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

நீ கேட்டது எனக்குப் புரியவில்லை. போர்க்களத்தில் ஆயிரம் குரல்கள் எழும். யார் யாரைக் கூப்பிட்டார் என்று எந்தக் காதால் பிரித்தறிய முடியும்? யார் உன்னிடம் என்ன சொன்னார்கள்? கண்டவர் பேச்சைக் கேட்டுத் துயரத்தைக் கிளறாதே. இறந்தவர்களைச் சாட்சிக்கு அழைக்க முடியாது, அக்கா. மனிதன் அஞ்சினாலும் அஞ்சாவிட்டாலும் விதி போகிற வழியில்தான் போகும். சிலரை நிற்க வைக்கிறது, சிலரை வீழ்த்துகிறது. நம் கையில் இருப்பது பெயர் மட்டும்தான்.

லுஃபாவின் நிலம் பிரபுவின் முடிவு. நான் வெறும் பாணன்.

உனக்கு ஒரு கம்பளித் துணி அனுப்பியிருக்கிறேன்.

கென்ரிக்

*

விட்மியர்
பிப்ரவரி 20, நோன்பின் தொடக்கம்

கென்ரிக்குக்கு,

துணியைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

விக்பர்ட் உயிரோடு இருக்கிறான். அக்டோபர் கடைசியிலிருந்து இங்கே, எங்கள் விருந்தினர் குடிலில் இருக்கிறான். இந்த வரியைப் படித்ததும் உன் முகம் எப்படிப் போயிருக்கும் என்று பார்க்க எனக்கு ஆசை. கடவுள் என்னை மன்னிக்கட்டும்.

போன கடிதம் எழுதும்போதே அவன் எனக்கு அடுத்த கட்டடத்தில் படுத்திருந்தான். உனக்கு ஒரு வாய்ப்புக் கொடுப்போம் என்றுதான் சொல்லாமல் விட்டேன். மூன்று மாதம் யோசித்து நீ விதியை எழுதி அனுப்பியிருக்கிறாய்.

அவன் சொன்னதை உனக்கே சொல்கிறேன். ஓடியது நீ. கேடயத்தைப் போட்டவனும் நீ. அவன் "அண்ணா, நில்லு" என்று கத்திக்கொண்டே உன் பின்னால் வந்தான். இரண்டு டேனியர்கள் உன்னைத் துரத்தினார்கள். நீ தொடை வரைக்கும் சேற்றில் மாட்டிக்கொண்டு அம்மாவைக் கூப்பிட்டாய். அவன் ஒருவனைக் குத்தினான். மற்றவன் அவன் முழங்காலில் கோடாலியால் வெட்டினான். அவனையும் விக்பர்ட் கொன்றான். அந்தக் காலோடு உன்னை இழுத்துக் கரையில் போட்டான். நீ என்ன சொன்னாய்? "இங்கேயே இருடா, ஆளைக் கூட்டிக்கிட்டு வரேன்" என்றாய்.

அவன் மூன்று நாள் நாணலுக்குள் கிடந்தான். விலாங்கு பிடிக்கும் ஒரு கணவனும் மனைவியும் பார்த்துப் படகில் தூக்கிப் போட்டு அக்கரைக்குக் கொண்டுபோனார்கள். கால் அழுகிவிட்டது. முழங்காலுக்கு மேலே வெட்டி எடுத்தார்கள். வாரக்கணக்கில் காய்ச்சல். அந்தக் காய்ச்சலில் அவன் எதற்காக அழுதான் தெரியுமா? உனக்காக. ஆளைக் கூட்டி வரப் போன அண்ணனை வழியில் கொன்றுவிட்டார்கள், அதனால்தான் திரும்பி வரவில்லை என்று நினைத்து அழுதான். உன் ஆன்மாவுக்காக அந்த விலாங்குக்காரியை ஜெபிக்கச் சொன்னான்.

அக்டோபரில் ஒரு நாள் அவள் கூடை முடைந்துகொண்டே ஒரு புதுப் பாட்டை முணுமுணுத்தாளாம். சந்தையில் கேட்டதாம். விக்பர்ட் என்ற பெயர் வந்ததும் இவன் நிமிர்ந்தான்.

"யார் அந்த விக்பர்ட்?"

"அதுவா? பிரபுவை விட்டுட்டு ஓடின பேடி. என் கையில கிடைச்சான்னா விலாங்கு குத்துற ஈட்டியாலயே குத்துவேன்."

"பாட்டுக் கட்டினது யாரு?"

"அவன் அண்ணனாம். பாவம், நல்ல மனுஷன். தம்பின்னும் பார்க்காம உண்மையைப் பாடியிருக்கான்."

அவள் இவன் பெயரை அதுவரை கேட்டதில்லை. அன்றைக்கு இவன் சொன்னான். அவள் கூடையைக் கீழே போட்டுவிட்டு வெளியே போய்விட்டாள். மறுநாள் அந்தக் கணவன்தான் படகில் இங்கே கொண்டுவந்து விட்டான். வீட்டுக்குப் போனால் பிரபுவின் ஆட்கள் கொன்றுவிடுவார்கள் என்று விக்பர்ட்டுக்குத் தெரியும். ஓடியவன் என்று பாடப்பட்டவனைக் கொல்ல யாரும் கேள்வி கேட்கப்போவதில்லை.

மடத்துச் சகோதரி ஒருத்தியை அனுப்பி லுஃபாவின் காதில் சொல்லச் செய்தேன். அன்றிலிருந்து தண்ணீர்த் துறையில் அந்தப் பாட்டைக் கேட்டுக்கொண்டு, தெரிந்ததைச் சொல்ல முடியாமல் நிற்கிறாள்.

பயந்து ஓடினாய். அதற்காக நான் உன்மேல் இவ்வளவு கோபப்படவில்லை. நானாக இருந்தாலும் ஓடியிருக்கலாம், ஈட்டியின் முன்னால் நான் நின்றதில்லை. ஆனால் மதிலுக்குள் வந்து சேர்ந்த பிறகு உன்னை யாரும் துரத்தவில்லை. யாழை மடியில் வைத்துக்கொண்டு, சொல்லுக்குச் சொல் மோனை தேடி, இரண்டு மாதம் உட்கார்ந்து அந்தப் பொய்யை இழைத்திருக்கிறாய்.

ஈஸ்டர் விருந்துக்கு விக்பர்ட் அந்த மண்டபத்துக்கு வருகிறான். எவ்வளவோ தடுத்தும் கேட்கவில்லை. "நிலம் வேணும் அக்கா, பிள்ளைங்க மாட்டுக்கொட்டாய்ல கிடக்குதுங்க" என்கிறான். அவன் வாசலில் வந்து நிற்கும்போது நீ என்ன செய்யப்போகிறாய் என்பதை யோசித்துக்கொள்.

எட்கிவா

*

ஸ்டான்விக்
மார்ச் 12

அக்காவுக்கு,

நலமில்லை. நலம் கேட்கும் தகுதியும் எனக்கு இல்லை.

அவன் இருக்கிறான் என்று படித்தபோது முதலில் வந்தது மகிழ்ச்சியா பயமா என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது. ஆளைக் கூட்டிக்கொண்டு போகத்தான் ஓடினேன், அக்கா. வாசலில் "ஓடினது யாரு?" என்று கேட்டார்கள். என் வாய் அவன் பெயரைச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகு அவனைக் கொண்டுவர எப்படி ஆளனுப்புவேன்? ஒவ்வொரு நாளும், இந்நேரம் செத்திருப்பான், செத்திருப்பான் என்று சொல்லிக்கொண்டேன்.

ஒரு புதுப் பாட்டுக் கட்டியிருக்கிறேன். உண்மையான பாட்டு. ஈஸ்டரன்று அதைத்தான் பாடப்போகிறேன். இத்துடன் வைத்திருக்கிறேன், படித்துப் பார். இதுவரை நான் கட்டியவற்றில் இதுவே சிறந்தது.

கென்ரிக்

*

விட்மியர்
மார்ச் 25

கென்ரிக்குக்கு,

படித்தேன். நூற்றுப் பத்து வரி. எண்ணிப் பார்த்தேன். உன் நெஞ்சில் நீயே நட்ட ஈட்டிக்கு இருபது வரி. உன் தூக்கமற்ற படுக்கைக்குப் பதினாறு. தனியே சிறகடிக்கும் கடற்பறவை ஒன்றுக்குப் பன்னிரண்டு. விக்பர்ட்டின் காலுக்கு நான்கு வரி. லுஃபா வரவே இல்லை.

முதல் பாட்டில் நீ உண்மையான அண்ணன். இந்தப் பாட்டில் நீ மகத்தான பாவி. எந்தப் பாட்டிலும் நடுவில் நீதான் நிற்கிறாய்! கேட்கிறவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு "ஆகா, பாணன் எவ்வளவு துன்பப்பட்டான்" என்பார்கள். அந்தப் பிரபு இன்னொரு வளையம் கொடுப்பார். "இதுவே சிறந்தது" என்று எழுத உனக்கு எப்படிக் கை வந்தது?

உன் தோல் ஏட்டிலிருந்த எழுத்தைச் சுரண்டி எடுத்துவிட்டேன். மடத்துக் கணக்குக்கு உதவும்.

பாடாதே. யாழைக் கீழே வை. சந்தையில் ஆள் பேசுவது போல எழுந்து நின்று சொல். ஓடியது யார், பின்னால் வந்தது யார், யார் யாரை விட்டுவிட்டு வந்தது என்று சொல். அதற்கு மேல் ஒரு சொல்லும் வேண்டாம். உன்னால் முடியுமா என்று எனக்குச் சந்தேகம்தான்.

விக்பர்ட் ஊன்றுகோல் பழகுகிறான். மூன்று முறை விழுந்தான். வாய்க்கு வந்தபடி திட்டுகிறான். சகோதரிகள் காதைப் பொத்திக்கொள்கிறார்கள்.

எட்கிவா

*

அண்ணிக்கு லுஃபா சொல்லி எழுதுறது. ஈஸ்டர் முடிஞ்ச வெள்ளிக்கிழமை.

எல்லாரும் உயிரோட இருக்கோம். நீங்க கவலைப்பட்டுக்கிட்டு இருப்பீங்கன்னு அதை முதல்ல சொல்லிட்டேன்.

விலாங்குக்காரர் வண்டியிலதான் அவரைக் கூட்டிட்டு வந்தோம். மத்தியானம் விருந்து நடந்துக்கிட்டு இருந்துச்சு. வாசல்காரன் "யாருடா நீ?"ன்னான். "விக்பர்ட்"னார். அவன் வாயில இருந்த ரொட்டி அப்படியே நின்னு போச்சு. நாங்க உள்ள போயிட்டோம். கோல் சத்தம் மட்டும் டக்கு டக்குனு கேக்குது.

எட்மர் பிரபு சிரிச்சார். "பார்றா, ஓடினவன் ஒத்தக் காலோட திரும்பி வந்திருக்கான். கென்ரிக்! இவன் பாட்டை எடு. இவன் காது குளிரக் கேக்கட்டும்"னார். மேஜைக்கு மேஜை சிரிப்பு. ரெண்டு பேர் கத்தியை உருவிட்டாங்க.

உங்க பெரிய தம்பி எழுந்தார். யாழைப் பெஞ்சு மேல வச்சார். எனக்கு, இவன் யாழ் இல்லாமலே பாடத்தான் போறான்னு தோணிச்சு. ஆனா அவர் பாடல. "ஓடினது நான். இவன் என்னைத் திருப்ப வந்தான். சேத்துல இருந்து தூக்கிவிட்டான், அதுலதான் காலு போச்சு. வரேன்னு சொல்லிட்டு விட்டுட்டு வந்துட்டேன். கேட்டப்போ இவன் பேரைச் சொன்னேன்." அவ்வளவுதான் அண்ணி. உக்காரவும் இல்ல, அழவும் இல்ல.

பிரபு முகம் செவந்து போச்சு. அவருக்குக் கோவம் எதுக்குன்னு நினைக்கிறீங்க? பொய் சொன்னதுக்கு இல்ல. "மூணு நாட்டுல பாடுறாங்கடா அந்தப் பாட்டை! எங்கப்பா பேரு அதுலதான் இருக்கு. நல்ல பாட்டைக் கெடுத்துட்டியே, நாயே"ன்னார்.

எனக்கு அப்போ என்ன வந்துச்சோ. "பாட்டை நீங்க வச்சுக்குங்க. நிலத்தை எங்களுக்குக் குடுங்க"ன்னு கத்திட்டேன். பொம்பளை அந்த மண்டபத்துல கத்தி யாரும் கேட்டதில்லையாம். பிரபு என்னைப் பார்த்தார். "ஓடாதவன் நிலத்தை எந்தச் சட்டத்துல எடுத்தீங்க? என் பொண்ணு கையில இருந்த கோழியை எந்தச் சட்டத்துல எடுத்தீங்க?"ன்னு கேட்டேன். நான் நிறுத்தல.

அப்போ வாசல் காவல் கிழவர் எர்டுல்ஃப் எழுந்தார். "பிரபு, இந்தப் பையன் காலு மதிலுக்கு வெளியே கிடக்குது. வெளியே கூட்டிட்டுப் போனது உங்கப்பா. ரெண்டு நாள் பொறுங்கன்னு நான் அவர் காலைப் பிடிச்சேன்"னார். அப்புறம் யாரோ மேஜையைத் தட்டினாங்க. எல்லாரும் தட்ட ஆரம்பிச்சாங்க. கடைசியில பிரபு, நிலத்தைத் திருப்பித் தரேன்னு சிலுவை மேல கை வச்சுச் சொன்னார்.

உங்க பெரிய தம்பியோட வளையத்தைக் கழட்ட வச்சாங்க. யாழை அவர் கண்ணு முன்னாலயே அடுப்புல போட்டாங்க. மூணு நாளைக்குள்ள இந்த நாட்டை விட்டுப் போகணும், அதுக்கப்புறம் யார் வேணாலும் கொல்லலாம்னு தீர்ப்பு. போகும்போது எங்க பக்கத்துல நின்னார். எங்க வீட்டுக்காரர் தலையைத் திருப்பிக்கிட்டார். எனக்கும் இரக்கம் வரல அண்ணி. வந்திருக்கணுமா?

கோழி திரும்பி வரல. அதைத் தின்னுட்டாங்க.

லுஃபா

*

விட்மியர்
ஜூன் 24, புனித யோவான் திருநாள்

கென்ரிக்குக்கு,

என் கண் தேவலாம். நீ கால்நடையாக எவ்வளவு தூரம் போனாய், என்ன சாப்பிட்டாய், குளிர்க்காய்ச்சல் வந்ததா என்று எதுவும் எனக்குத் தெரியாது. எழுதவில்லை நீ. விலாங்குக்காரிதான் நேற்று வந்து உன் செய்தியைச் சொன்னாள். வடக்கே ஆற்றைக் கடந்து, எட்மரின் கை எட்டாத ஊரில், படகுத் துறையில் சுமை தூக்குகிறாயாம். அவள் தான் யார் என்று சொன்னதும் நீ முகத்தை மூடிக்கொண்டாயாம். "பாவமா இருந்துச்சும்மா. ஆனா நான் ஈட்டியைத் தோள்லருந்து இறக்கல" என்றாள்.

நீ அவளிடம் மூன்று கேள்வி சொல்லியனுப்பியிருக்கிறாய். பதில் எழுதுகிறேன்.

விக்பர்ட் எப்படி இருக்கிறான்? உழுதுவிட்டான். லுஃபா கலப்பையைப் பிடிக்கிறாள், அவன் வரப்பில் உட்கார்ந்து மாட்டையும் அவளையும் சேர்த்துத் திட்டுகிறான். கோணலான சால்தான், பயிர் முளைத்திருக்கிறது. உன் முதல் பாட்டை இப்போதும் தெற்கே பாடுகிறார்களாம். யாரோ ஒரு பாணன் அவன் பெயரை மட்டும் எடுத்துவிட்டு வேறு பெயர் போட்டிருக்கிறான். அந்தப் பெயருக்குரியவன் யாரோ, அவன் மனைவி எங்கே தண்ணீர் எடுக்கிறாளோ. அதை நினைத்தால் எனக்கு உன் கழுத்தை நெரிக்க வேண்டும் போலிருக்கிறது.

அவன் உன்னைப் பற்றி ஏதாவது சொன்னானா? இல்லை. நான் கேட்டேன். "அவன் பேச்சை எடுக்காதே அக்கா" என்றான். நான் எடுக்கவில்லை.

நீ இங்கே வரலாமா? வரக் கூடாது. மடாதிபதி அம்மா சம்மதிப்பார், நான் சம்மதிக்க மாட்டேன். நீ கதவருகே வந்து நின்றால் உன் முகத்தைப் பார்த்து நான் இளகிவிடுவேன். அம்மா சாயல் உனக்குத்தான் இருக்கிறது. நான் இளக விரும்பவில்லை. இன்னும் எனக்குக் கோபம் தீரவில்லை. தீருவதற்கு வெகுநாள் ஆகும், ஒருவேளை என் ஆயுள் போதாது.

இத்துடன் பத்துத் தோல் ஏடுகளும் ஒரு மைக்கொம்பும் அனுப்புகிறேன். ஓரத்தில் கிழிந்தவைதான், எழுத உதவும். பாட்டு எழுதினால் திருப்பி அனுப்பிவிடுவேன். அன்றைக்கு எத்தனை சுமை தூக்கினாய், கூலியாக என்ன கொடுத்தார்கள், முதுகு வலிக்கிறதா, எங்கே படுத்தாய் என்று எழுது. மாதம் ஒரு கடிதம் வர வேண்டும். என் கோபம் தீரும் வரைக்கும் எழுது.

உன் அக்கா,
எட்கிவா